பிளாஸ்டிக் புழுவில் பாஸ் சிக்கவில்லையா? நிறத்தை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனுக்குத் தூண்டிலில் பிளாஸ்டிக் புழு போடுகிறவர்கள், ஒரு மணி நேரம் மீன் படவில்லை என்றால் உடனே பையைத் திறந்து வேறு நிறப் புழுவை எடுப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பச்சை போய் ஊதா, ஊதா போய் கறுப்பு, அதுவும் போய் மினுமினுப்புத் தூவியது. அப்புறம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன்: ஒவ்வொரு வீச்சு முடிந்து திரும்பி வரும் புழுவை, மறுபடி வீசும் முன் ஐந்து நொடி கையில் பிடித்துப் பார்ப்பது. கோணியிருக்கிறதா, தலை வழுக்கி இறங்கியிருக்கிறதா, வால் முழுதாக இருக்கிறதா, உடம்பில் தேய்த்த மாதிரித் தடம் இருக்கிறதா, முள்ளின் நுனி எங்கே இருக்கிறது, முடிச்சுக்கு மேல் ஒரு சாண் தூண்டில் நரம்பு சொரசொரப்பாக இருக்கிறதா. என்ன தப்பு நடக்கிறது என்பதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். நிறம்தான் காரணம் என்று ஆன நாட்கள் மிகக் குறைவு.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். பெரிய வாய் கொண்ட லார்ஜ்மவுத் பாஸையும், நரம்பில் ஈயம் கோத்து முள் நுனியைப் புழுவுக்குள் ஒளிக்கும் டெக்சாஸ் ரிக்கையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். வேறு ரிக் என்றால் அங்கங்கே சொல்கிறேன்.

சுருட்டும்போது புழு சுழல்கிறது, நரம்பு முறுக்கிக்கொள்கிறது

இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், ஏனென்றால் பாதிக் கோளாறுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. கரையோரம் முட்டளவு தண்ணீரில் புழுவை இழுத்துப் பாருங்கள். நேராக வந்தால் சரி. பம்பரம் மாதிரிச் சுற்றினால் முள் கோத்த விதம் தப்பு. புழுவுக்குள் முள் நுழையும் இரண்டு இடங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது அந்த இரண்டுக்கும் நடுவில் புழு இழுபட்டோ சுருங்கியோ இருக்கிறது.

கோப்பதில் நான் அவசரப்படுவதே இல்லை. தலையின் நட்டநடுவில் முள் நுனியைக் குத்தி, சுமார் 6 மில்லிமீட்டர் உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். பல புழுக்களில் அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய கோடு ஒன்று நீளவாக்கில் ஓடும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் கை தவறாது. முள்ளை முழுக்க இழுத்து, நரம்பு கட்டும் அதன் காது தலைக்குள் பதிந்ததும் அரை வட்டம் திருப்பி, நுனி புழுவைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போதே குத்த வேண்டாம். புழுவை இழுக்காமல் அதன் போக்கில் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு அதன் மேல் எங்கே தொடுகிறதோ அங்கே நகத்தால் ஒரு அழுத்து அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியில் நேர்க்குத்தாகக் குத்தி மறுபக்கம் நுனியை எடுத்து, பிறகு புழுவைக் கொஞ்சம் நகர்த்தி நுனி மேல் தோலுக்குள் மட்டும் ஒளியும்படி விடுங்கள். இரண்டாவது துளை வால் பக்கம் அதிகம் தள்ளிப் போனால் நடுவில் புடைத்துக்கொள்ளும். தலைப்பக்கம் நெருங்கினால் புழு வில் மாதிரி வளையும். இரண்டுமே சுழலும்.

நேராகக் கோத்தும் சுழல்கிறதா? பாக்கெட்டிலேயே புழு மடங்கிக் கிடந்திருக்கும். சூடான தண்ணீரில் சில நொடி போட்டு எடுத்து, சமதளத்தில் நேராகக் கிடத்தி ஆறவிடுங்கள், பழைய உருவத்துக்கு வந்துவிடும். வாக்கி ரிக் வேறு கதை. நடுவில் கோத்த புழு சுருட்டும்போது சுழலத்தான் செய்யும், அதற்கு நரம்பில் ஒரு சின்ன ஸ்விவல் (தானே சுழலும் இணைப்பு) போட்டுக்கொள்வதுதான் வழி. ஏற்கெனவே முறுக்கேறிய நரம்புக்கு, நுனியில் எதையும் கட்டாமல் படகு மெதுவாக நகரும்போது பின்னால் நீளமாக விட்டு இழுத்துச் சுருட்டினால் முறுக்கு தானாகக் கழன்றுவிடும்.

கடிப்பதே தெரியவில்லை, சும்மா சுருட்டிப் பார்த்தால் வால் இல்லை

புழு மீன்பிடிப்பில் பலரும் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாஸ் புழுவைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வாயைச் சட்டென்று அகலத் திறக்கிறது, சுற்றியுள்ள தண்ணீர் உள்ளே பாய்கிறது, தண்ணீரோடு புழுவும் போய்விடுகிறது. உறிஞ்சுவதுதான் அதன் வேட்டை. பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் வெளியே ஊதித் தள்ளிவிடும். இவ்வளவும் நடந்து முடியும்போது உங்கள் கைக்கு வருவது ஒரு சின்ன 'டிக்', சில நேரம் அதுவும் இல்லை. ராட் (தூண்டில் கம்பு) நுனியில் வழக்கமாக இருந்த கனம் திடீரென்று காணாமல் போகலாம். ஈரத்துணி மாட்டிய மாதிரி மந்தமான கனம் வரலாம். நரம்பு தண்ணீரைத் தொடும் இடம் பக்கவாட்டில் நகரலாம். இவை எல்லாமே கடிதான். இன்னதென்று சொல்லத் தெரியாத வித்தியாசம் ஒன்று தோன்றினாலும் கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் முள் ஏறும்படி ராடைச் சுண்டிவிடுங்கள். வெறுமனே சுண்டியதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.

கை சொல்லாததைக் கண் சொல்லும். புழு விழும்போது நரம்பைப் பாருங்கள், புழுவுக்குக் கடி வருவதில் பெரும்பகுதி அது கீழே இறங்கும்போதுதான். வீசியவுடன் எண்ண ஆரம்பியுங்கள். அந்த இடத்தில் புழு தரையைத் தொட வழக்கமாக எட்டு வரை எண்ண வேண்டியிருக்கிறது, இந்த முறை ஐந்திலேயே நரம்பு நின்று தொய்ந்துவிட்டது என்றால் நடுவில் ஒரு மீன் அதை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பன்னிரண்டு எண்ணியும் நரம்பு போய்க்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

நரம்பை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் தப்பு செய்யலாம். தொளதொளவென்று விட்டால் கடி கைக்கு வந்து சேராது. விறைப்பாகப் பிடித்தால் மீன் உறிஞ்சும்போது புழு தாராளமாக உள்ளே போகாது, உதட்டோடு நின்றுவிடும், மீனும் உங்கள் இழுப்பை உணர்ந்து துப்பிவிடும். புழு விழ விழ ராட் நுனியையும் கூடவே இறக்கிக்கொண்டு போங்கள். நரம்பு லேசாக வளைந்து தொங்க வேண்டும், ஆனால் சுருண்டு கிடக்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம், ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் புழு விழுவதையும் நரம்பையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பழகினால் வந்துவிடும்.

நரம்பின் வகையும் முக்கியம். நைலான் நீளும், அதனால் தூரத்தில் நடந்த சின்ன அசைவு வழியிலேயே கரைந்துவிடும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, ஏறக்குறைய 1.78 மடங்கு, அதனால் அது மூழ்கி, புழுவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஓரளவு நேர்கோடாகக் கிடக்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, அந்த நெருக்கத்தால் கண்ணுக்கும் குறைவாகத் தெரியும். இழைகளைப் பின்னிச் செய்த ப்ரெய்ட் நரம்பு நீளவே நீளாது என்று சொல்லலாம், கடி துல்லியமாகத் தெரியும், ஆனால் அது மிதக்கும். காற்று அடித்தால் மேற்பரப்பில் பெரிய வளைவாக விரிந்து எல்லாச் செய்தியையும் தின்றுவிடும். ப்ரெய்ட் போட்டால் முனையில் ஐந்தாறு அடி ஃப்ளூரோகார்பன் சேர்த்துக் கட்டுங்கள். நான் டெக்சாஸ் ரிக்குக்கு 15 பவுண்ட் ஃப்ளூரோகார்பனை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஓட்டுகிறேன்.

காற்று பலமாக இருந்தால் இன்னொன்று செய்யுங்கள்: ஈயத்தை ஒரு அளவு கூட்டுங்கள். கால் அவுன்ஸ், அதாவது 7 கிராமில் தரை தெரியவில்லை என்றால் 10 கிராம். தரை எது, பாறை எது, பாசி எது என்று கையால் சொல்ல முடியாத வரை கடி எது என்றும் சொல்ல முடியாது. முடிந்தால் ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் வாங்குங்கள். ஈயத்தின் அடர்த்தி சுமார் 11.3, டங்ஸ்டன் 19.3, அதே எடைக்கு உருண்டை சின்னதாக இருக்கும், கெட்டியாகவும் இருப்பதால் கல்லைத் தட்டினால் கை வரை கேட்கும். விலை கூடத்தான். ஆனால் ஈயக்குண்டுகளை விழுங்கி லூன் போன்ற நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன, அதற்காகவே மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

டக் டக் டக் என்று கொத்துகிறது, சுண்டினால் ஒன்றுமே இல்லை

வேகவேகமாக, படபடவென்று வரும் கொத்து பெரும்பாலும் சின்ன மீன்களுடையது. ப்ளூகில் மாதிரியானவை வாலைப் பிடித்துப் பிய்க்கும். பாஸ் பெரும்பாலும் ஒரே 'தொம்', அதிகம் போனால் இரண்டு.

புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். வால் நுனி மட்டும் துண்டு துண்டாகப் போயிருந்தால் சின்ன மீன். உடம்பின் நடுவில், தலைக்கு அருகில், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி மங்கலான தடம் இருந்தால் அது பாஸ், அதன் பற்கள் அப்படிச் சொரசொரப்பானவை. கத்தியால் வெட்டிய மாதிரி ஒரே சீவாகப் போயிருந்தால் பைக் இன மீன் ஏதோ இருக்கிறது. அங்கே புழுவோடு நரம்பும் போகும்.

சின்ன மீன் என்றால் சுண்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் புழுவை இரண்டு அடி குதிக்க விட்டு அப்புறம் அசையாமல் வையுங்கள். பாஸ்தான், ஆனால் வாலையே பிடிக்கிறது என்றால் புழுவின் நீளத்தைக் குறையுங்கள். 7 அங்குலப் புழுவின் தலைப்பக்கத்தில் ஒன்றரை அங்குலம் கிள்ளி எறிந்துவிட்டு (கரையில் அல்ல, பைக்குள்) மறுபடி கோத்துவிடுங்கள். முள் இப்போது வாலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த ஒரு மாற்றம் எனக்குப் பல காலை நேரங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சுண்டினேன், ஒரு நொடி கனம் தெரிந்தது, அப்புறம் விட்டுவிட்டது

மீன் வாயில் புழு இருந்தது, முள் ஏறவில்லை. புழுவைப் பாருங்கள். முள் நுனி இன்னும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் இழுத்த இழுப்பு முழுக்கப் புழுவைத் துளைப்பதிலேயே செலவாகிவிட்டது, மீனின் தாடைக்கு மிச்சமில்லை. நுனியைப் புழுவுக்குள் ஆழமாகப் புதைக்காதீர்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் முழுக்க வெளியே வந்து, தோலில் மட்டும் லேசாகத் தொற்றிக்கொண்டிருக்கட்டும். பாசியில் மாட்டாமல் இருக்க அதுவே போதும்.

நுனி வெளியே வந்திருக்கிறது, ஆனாலும் விட்டது என்றால் முள்ளின் வாய் அகலத்தைப் பாருங்கள். மீன் தாடையை மூடி அழுத்தும்போது புழு திரண்டு முள்ளின் வளைவுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். தடித்த புழுவுக்குச் சின்ன முள் போட்டால் அந்த இடைவெளி நிரம்பி, நுனி தாடையைத் தொடவே தொடாது. புழுவின் பருமனைப் போல் இரண்டு மடங்காவது முள்ளின் வாய் இருக்க வேண்டும். மெல்லிய 6 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள், 7, 8 அங்குலத்துக்கு 4/0, 10 அங்குலப் பெரிய புழுவுக்கு 5/0 என்று ஆரம்பித்து, அப்புறம் புழுவின் தடிமனைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். குண்டான புழு என்றால் வாய் அகன்ற வளைவு முள்.

கூர்மை சோதிக்க நகம் போதும். கட்டை விரல் நகத்தின் மேல் நுனியை வைத்து மெதுவாக இழுங்கள். பிடித்து நின்றால் கூர், வழுக்கிப் போனால் மழுங்கல். பாறையில் நாலு முறை உரசிய முள் பெரும்பாலும் வழுக்கும். தீட்டலாம், நான் மாற்றிவிடுகிறேன்.

சுண்டும் விதம். கடி தெரிந்ததும் பதறி அப்படியே ராடைத் தூக்குகிறவர்கள் தொய்வை மட்டும்தான் தூக்குகிறார்கள். ராடை மீன் இருக்கும் திசையில் இறக்குங்கள், ரீலை இரண்டு சுற்று சுற்றித் தொய்வை எடுங்கள், கனம் தெரிகிற அந்த நொடியில் மேல் நோக்கி ஒரே வீச்சாக, வயிற்றுக்குப் பக்கத்திலிருந்து தோளுக்கு வரும்படி இழுங்கள். இது சொல்ல நேரம் ஆகிறது, செய்ய ஒரு நொடிக்கு மேல் ஆகக் கூடாது. ஏழு அடி, ஓரளவு விறைப்பான மீடியம் ஹெவி, நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ராடாக இருந்தால் இழுப்பு வீணாகாது. வளைந்து கொடுக்கும் மெல்லிய ராடில் டெக்சாஸ் ரிக் போட்டால் என்ன செய்தாலும் பாதி மீன் போகும். வாக்கி ரிக்கும், ஈயத்துக்கு மேலே புழுவைக் கட்டும் டிராப் ஷாட்டும் இதற்கு நேர் எதிர். அங்கே முள் திறந்தே இருக்கிறது, கம்பியும் மெல்லியது. ரீலை வேகமாகச் சுற்றிக்கொண்டே ராடைச் சாய்த்து அழுத்தினால் தானாக ஏறும், ஓங்கி இழுத்தால் வாய் கிழிந்துவிடும் அல்லது முள் நிமிர்ந்துவிடும்.

"கடித்ததும் பத்து வரை எண்ணு, நன்றாக விழுங்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பத்து எண்ணுவதற்குள் பாதி மீன் துப்பிவிடும், மீதிப் பாதி தொண்டையில் முள்ளோடு வரும். அது இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

மேலே வந்து குதித்து உதறிவிட்டுப் போகிறது

நரம்பில் தொய்வு விழுந்ததுதான் காரணம். மீன் மேலே ஏறுவதை நரம்பின் கோணம் முன்கூட்டியே காட்டும், ராட் நுனியைத் தண்ணீரை ஒட்டி இறக்கி, பக்கவாட்டில் இழுத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஈயம் தளர்வாக ஓடுவதும் இங்கே நல்லது, தலையை உதறும்போது அந்த எடை முள்ளை ஆட்டாது. மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிதான் டிராக். நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள், திக்கித் திக்கி வராமல் சீராக வர வேண்டும்.

நரம்பு அறுந்துவிட்டது

அறுந்த முனையைப் பாருங்கள், அதில் காரணம் எழுதியிருக்கும். பன்றி வால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. வெள்ளையாக, பிசிறு பிசிறாக இருந்தால் கல்லிலோ மரத்திலோ உரசித் தேய்ந்தது.

முடிச்சு உருவியது என்றால் பாலோமார் முடிச்சு பழகுங்கள், புழு முள்ளுக்கு இதைவிட எளிதாகவும் உறுதியாகவும் இருப்பதை நான் பார்க்கவில்லை. இறுக்கும் முன் கட்டாயம் ஈரமாக்குங்கள். ஃப்ளூரோகார்பனை உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, மீன் இழுக்கும்போதுதான் தெரியும். தேய்ந்தது என்றால் அரை மணிக்கு ஒருமுறை முள்ளுக்கு மேல் ஒரு முழம் நரம்பை விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள், நெருடினால் வெட்டி மறுபடி கட்டுங்கள். சோம்பல் பட்டு ஒத்திப்போட்ட நாளில்தான் என் கையிலிருந்து நல்ல மீன் ஒன்று போனது. அந்த முனை இன்னும் கண் முன்னால் நிற்கிறது, பிசிறுதான்.

ஒவ்வொரு வீச்சிலும் அடியில் மாட்டிக்கொள்கிறது

முதலில் எதில் மாட்டுகிறது என்று பாருங்கள். திரும்பி வரும் முள்ளில் பாசி சுற்றியிருக்கிறதா, மரச்சில்லு ஒட்டியிருக்கிறதா, ஈயத்தில் புதுக் கீறல் இருக்கிறதா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பாசியும் மரமும் என்றால் டெக்சாஸ் ரிக்கின் சொந்த இடம். மென்மையான பிளாஸ்டிக் புழுவை 1949-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்பவர் தன் வீட்டில் வார்த்துக் கொண்டுவந்தார். முள் நுனியைப் புழுவுக்குள் ஒளிக்கும் முறை டெக்சாஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரங்களை நினைத்துக்கொண்டால் இந்த முறை ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டுகிறது என்றால் பெரும்பாலும் ஈயம் ஒரு கிளைக்கு இந்தப் பக்கமும் புழு அந்தப் பக்கமுமாக இறங்கியிருக்கும். ஈயத்தைப் புழுவின் தலையோடு நிறுத்துங்கள். ரப்பர் தடுப்பு ஒன்று போதும். அது இல்லையென்றால் பல்குத்தும் குச்சியின் நுனியை ஈயத்தின் துளையில் செருகி ஒடித்துவிடலாம், ஆனால் குச்சி நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தும். கூம்பு வடிவ ஈயமாக இருக்கட்டும், உருண்டை பாசியை வாரிக்கொண்டு வரும்.

பாறை வேறு மாதிரி. அங்கே மாட்டுவது முள் அல்ல, ஈயம்தான், இடுக்கில் போய் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். எடையைக் குறையுங்கள். இழுத்துக்கொண்டு வராமல் ராடைத் தூக்கித் தூக்கி வையுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் டிராப் ஷாட்டுக்கு மாறுங்கள், அதில் ஈயம் அடியில், புழு ஒரு சாண் மேலே. ஈயம் மாட்டினாலும் அது மட்டும் கழன்று வரும்படி கட்டலாம்.

மாட்டிய உடனே பலம் கொண்டு இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க உள்ளே இறுகும். ராடை மேலே பிடித்து, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் உள்ள நரம்பை இன்னொரு கையால் வில் நாண் மாதிரி இழுத்துச் சட்டென்று விடுங்கள். நாலைந்து முறை செய்தால் ஈயம் பின்னால் துள்ளிக் கழன்றுவிடும். இல்லையென்றால் எதிர்த்திசைக்குப் போய் இழுங்கள். ப்ரெய்ட் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு மட்டும் இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும்.

புழு வழுக்கி இறங்குகிறது, இரண்டு மீனுக்கே கிழிந்துவிடுகிறது

தலை வழுக்குகிறது என்றால் முள்ளின் கழுத்தில், Z மாதிரி மடிந்த இடத்தில், ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. வேலை முடிந்தது. தலையைத் திருகிப் பூட்டும் சுருள் கம்பி வைத்த முள்ளும் கிடைக்கிறது, அது இன்னும் நல்லது.

சென்கோ போன்ற உப்பு நிறைந்த குச்சிப் புழுக்கள் கிழியத்தான் செய்யும். அந்த உப்புதான் அவற்றுக்கு எடை கொடுத்து, ஈயமே இல்லாமல் மெல்ல ஆடிக்கொண்டே இறங்க வைக்கிறது. அதனால் உப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வாக்கி ரிக்கில் நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை அந்த வளையத்துக்கு அடியில் விடுங்கள், ஒரு புழு பல மீனுக்கு நிற்கும். தலை கிழிந்த புழுவைக் கிள்ளிச் சுருக்கினால் சின்ன ஈயத்தலை முள்ளுக்குப் போதும்.

பெட்டிக்குள் புழுக்கள் உருகி ஒட்டிக்கிடக்கின்றன

வேறு வேறு ரசாயனம் கலந்த பிளாஸ்டிக்கை ஒன்றாகப் போட்டதன் விளைவு. சாதாரணப் புழு பிவிசியால் ஆனது, அதை மென்மையாக்கும் எண்ணெய் சில வகைப் பெட்டிகளையே இளக்கிவிடும். பிவிசி அல்லாத, ரப்பர் மாதிரி நீளும் எலாஸ்டெக் வகைப் புழுவைச் சாதாரணப் புழுவோடு கலந்தால் இரண்டும் குழைந்துவிடும். நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறும். எதையும் அது வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள், வெயிலில் விடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, கடியே இல்லை

இப்போதுதான் மீனைப் பற்றி யோசிக்க வேண்டும், அப்போதும் நிறம் கடைசிதான்.

முதலில் இடம். புழு வேகமாகத் தேடிப்போகும் தூண்டில் அல்ல, மீன் இருக்கும் இடத்தில் போட்டு வைத்து அசைப்பது. பாசி முடியும் விளிம்பு, சாய்ந்த மரம், படகுத்துறையின் நிழல், தரை திடீரென்று ஆழமாகும் இடம். வெறும் தரையில் எவ்வளவு அழகாக ஆட்டினாலும் பார்க்க ஆள் இல்லை.

அடுத்தது வேகம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்: நீங்கள் மெதுவாகச் செய்கிறோம் என்று நினைக்கும் வேகம் இன்னும் மெதுவாக்கப்பட வேண்டியது. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மீனின் உடம்பே மந்தமாகிவிடும், புழுவைத் தேடி அது இரண்டடி வராது. அப்போது 4 அங்குலச் சின்னப் புழு, இலேசான ஈயம், தரையில் பதினைந்து இருபது நொடி சும்மா கிடத்தல். 15 டிகிரி தாண்டி முட்டையிடும் காலம் நெருங்கினால் ஆழமில்லாத கரையோரத்தில் ஈயமில்லாத குச்சிப் புழு. கோடையில் ஆழமான விளிம்புகளில் 10 அங்குல ரிப்பன் வால் புழு, கொஞ்சம் கனமான ஈயத்தோடு. அப்போது வேகமாக விழுவதே சில மீன்களைச் சட்டென்று கவ்வ வைக்கும்.

விழும் வேகத்தை மாற்றிப் பார்ப்பது நிறத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு பலன் தரும். 10 கிராமில் கடி இல்லையா, அதே புழுவை, அதே இடத்தில், 3.5 கிராமில் போடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் நீளத்தை மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு நிறம், அதற்கு இரண்டு பாக்கெட் போதும். தெளிந்த தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் பச்சை, பழுப்பு கலந்தவை. க்ரீன் பம்ப்கின் என்று விற்பதை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கலங்கிய தண்ணீருக்கும் இருட்டுக்கும் கறுப்பும் நீலமும் சேர்ந்தது, அங்கே மீனுக்குத் தெரிவது நிறத்தைவிடத் திட்டவட்டமான நிழல் உருவம். கலங்கலில் மீன் தன் பக்கவாட்டு உணர்கோட்டால் தண்ணீரின் அதிர்வையும் பிடிக்கிறது, அதனால் வால் அதிகம் அசையும் புழுவாகவும் இருக்கட்டும்.

முள்ளை விழுங்கிவிட்டது

மெதுவாகக் கடிக்கும் நாட்களில், எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மீனின் மேல் பூச்சை உரித்துவிடும். கீழ்த் தாடையைப் பிடித்து வாய்க்குள் பாருங்கள். முள்ளின் வளைவு கண்ணுக்குத் தெரிந்தால், நீள மூக்குக் குறடால் அந்த வளைவைப் பிடித்து, வந்த வழியே திருப்பி எடுக்கலாம். பெரிய மீனை ஒரு கையில் தாடையால் கிடைமட்டமாகத் தொங்கவிடாதீர்கள், வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை வேண்டும். தொண்டைக்கு உள்ளே போய்விட்டது, இழுத்தால் சதை வருகிறது, ரத்தம் கசிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். செவுளைத் தொடாமல், முள்ளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நரம்பை வெட்டி, மீனை உடனே தண்ணீரில் விடுங்கள். குறடோடு ஐந்து நிமிடம் வெளியில் வைத்துப் போராடுவதைவிட அது மீனுக்கு நல்ல வாய்ப்பு.

அன்றைக்கு அடுத்த கடியிலிருந்து நீங்கள் சீக்கிரம் சுண்ட வேண்டும் என்பதற்கும் அதுதான் அறிகுறி. கிழிந்த புழுக்களைத் தண்ணீரில் எறியாதீர்கள். அவை மக்குவதில்லை, தரையில் கிடப்பதை மீன்கள் விழுங்கிவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன ஜிப் பாக்கெட் வைத்துக்கொண்டால் எல்லாம் அதில் போகும்.